அந்த வண்டிக்கு அன்று என்ன அவசரம்?

நகரக் காவல்துறையின் உயரதிகாரிகளுக்கும், காவல் வாகனங்களையும் அவற்றின் ஓட்டுநர்களையும் பொறுப்பில் வைத்திருப்பவர்களுக்கும்,

“அவசரப் பணி நிமித்தம் வாகனம் இயக்கப்பட்டது. மேல் நடவடிக்கை தேவையில்லை என்பதால் மனு முடித்துவைக்கப்படுகிறது.”

காவல் வாகனம் ஒன்று என் அத்தையை இடித்ததைப் பற்றி நான் கொடுத்த புகாருக்கு ஏழு மாதம் கழித்து வந்த பதில் இவ்வளவுதான். எந்த அலுவலகம் அனுப்பியது, எந்த நிலையத்து வண்டி என்பதை இங்கே எழுதவில்லை. பெயரைச் சொன்னால் பேச்சு அந்த ஒரு நிலையத்தோடு முடிந்துபோகும், அப்படி முடியக் கூடாது. இந்த மடலின் கன்னட வடிவத்தை நேரில் கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்கிறேன். தமிழில் எழுதுவது, பெங்களூரின் அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் லிங்கராஜபுரத்திலும் விடியுமுன் எழுந்து ரோட்டைக் கடக்கிற என் மக்களும் படிக்க வேண்டும் என்பதற்காக.

என் அத்தைக்கு வயது 58. அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கம் பூ கட்டி விற்கிறார். சென்ற கார்த்திகையில் ஒருநாள் விடியற்காலை, சிட்டி மார்க்கெட்டிலிருந்து சாமந்தியும் மல்லியும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கி ரோட்டைக் கடந்தார். மணி ஐந்தரை, இன்னும் இருட்டு விலகவில்லை. பாதி ரோட்டைத் தாண்டியபோது காவல் வாகனம் ஒன்று அவரை இடித்தது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் கோயில் படியில் உட்கார்ந்து பூ கட்ட முடிவதில்லை. ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் கூடை கைக்கு எட்டுவதில்லை.

வண்டியில் இருந்தவர்கள் ஓடிப்போய்விடவில்லை. அத்தையைத் தூக்கிப்போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு அவர்களேதான் வந்தார்கள். ஓட்டியது 25 வயதைத் தாண்டாத பையன். நான் போய்ச் சேர்ந்தபோது வராந்தாவில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான், சட்டையெல்லாம் பூ. “நோட்லில்லம்மா, நோட்லில்ல” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். பார்க்கவில்லை அம்மா, பார்க்கவில்லை. அவன் பொய் சொல்லவில்லை என்று அன்றே நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அந்த வேகத்தில் பார்த்திருக்க முடியாது.

வேகம் எனக்கு எப்படித் தெரியும் என்று விசாரித்த அதிகாரி கேட்டார். நான் பள்ளியில் கணக்கு வாத்தியார். எதிரே இருக்கும் பேக்கரியின் கேமராவில் அந்த வண்டி இரண்டு மின்கம்பங்களைக் கடப்பது பதிவாகியிருக்கிறது. நானும் என் தம்பி மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப் பிடித்து அளந்தோம். கம்பங்களுக்கு நடுவே 30 மீட்டர். அந்தக் கேமரா நொடிக்கு 25 படம் எடுக்கிறது. முதல் கம்பத்திலிருந்து இரண்டாவது கம்பத்துக்கு 34 படம், அதாவது 1.36 நொடி. கணக்குப் போட்டால் மணிக்கு 79 கிலோமீட்டர் வருகிறது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வேக வரம்பு அறிவிக்கையில் நகர எல்லைக்குள் காருக்கு உச்ச வரம்பே 70 தான்.

இந்தக் கணக்கின் மறுபாதியையும் சொல்கிறேன். அந்த ரோடு ஏறத்தாழ 14 மீட்டர் அகலம். தலையில் பூ மூட்டையோடு அத்தை கடக்க 14 நொடி ஆகும். வழக்கமாக அந்த நேரத்தில் வண்டிகள் 40-இல் வரும், 14 நொடியில் 155 மீட்டர் வரும். தூரத்தில் விளக்கு தெரிந்தால் கடந்துவிடலாம் என்று முப்பது வருடப் பழக்கம் அவருக்குச் சொன்னது. 79-இல் வருகிற வண்டி அதே 14 நொடியில் 300 மீட்டரைத் தாண்டிவிடும். ரோட்டில் கால் வைத்தபோது அவர் செய்த தப்பு எதுவும் இல்லை. விளக்கைப் பார்த்தார், தூரத்தைக் கணித்தார். வேகத்தைக் கணிக்க இருட்டில் யாராலும் முடியாது. அதைச் சொல்வதற்குத்தான் சைரன் இருக்கிறது. அன்றைக்கு சைரன் ஒலிக்கவில்லை. “தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்று போடவில்லை” என வாய்மொழியாகப் பதில் சொன்னார்கள்.

சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. அவசரப் பணியில் இருக்கும் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் காவல் வண்டியும் வேக வரம்பை மீறலாம், சிவப்பு விளக்கைத் தாண்டலாம் என்று 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சலுகை தருகின்றன. ஆனால் மற்றவர்களின் பாதுகாப்பைக் கவனித்து, உரிய எச்சரிக்கையோடு செய்ய வேண்டும் என்கின்றன. சைரனும் சுழல்விளக்கும் அந்த அவசரத்தைப் பிறருக்கு அறிவிக்கத்தான் என்றும், அவற்றை மிக அவசரமான நேரத்தில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்கின்றன. அப்படி வருகிற வண்டிக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. வழிவிட வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வருவதைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது.

இப்போது நடப்பது என்ன? ரோந்து வண்டி டீக்கடை ஓரம் நிற்கும்போதும் மேலே சிவப்பும் நீலமும் மின்னிக்கொண்டிருக்கிறது. மெதுவாகத் தெருச் சுற்றும்போதும் அதே மின்னல், கொலை நடந்த இடத்துக்குப் பறக்கும்போதும் அதே மின்னல். ரோட்டில் நிற்கிற ஒருத்தி எதைப் பார்த்து எதைத் தெரிந்துகொள்வாள்?

மருத்துவமனையில் அன்று பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்த ஒருவர் ஆறுதலாகச் சொன்னார்: “போலீஸ்காரனுக்கு வேகமாப் போறதுல ஒரு ஜாலிம்மா. கேக்க ஆள் கிடையாது இல்ல.” எனக்கு அது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் நான் போலீஸ் டிரைவரின் மகள்.

என் அப்பா 1983-இல் காவல்துறை ஆயுதப்படையில் சேர்ந்து, எம்.டி. என்கிற மோட்டார் வாகனப் பிரிவுக்குப் போய், 2014-இல் ஓய்வு பெறும்வரை ஸ்டியரிங் பிடித்தார். ஜீப், அம்பாசிடர், ஜிப்ஸி, கடைசியில் பொலிரோ. அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் அவரிடமே கேட்டேன். “அப்பா, டியூட்டியில வேகமா ஓட்டுறது உங்களுக்குப் புடிக்குமா?” இடிபட்டது அவருடைய தங்கை. கோபப்படுவார் என்று நினைத்தேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “புடிக்கும்மா. பொய் சொல்ல மாட்டேன். சைரனைப் போட்டதும் மொத்த ரோடும் ரெண்டாப் பிரியும். பஸ்ஸு, லாரி, பெரிய பெரிய காரு, எல்லாம் ஒதுங்கும். ஆறாங்கிளாஸ் பெயிலானவன் நான். எனக்காக ஊரே ஒதுங்குதுன்னா எப்படி இருக்கும்?”

பிறகு ஒரு சம்பவத்தைச் சொன்னார். பணியில் சேர்ந்து ஐந்தாறு வருடம் இருக்கும். ஓர் அதிகாரிக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். குற்றமும் இல்லை, கலவரமும் இல்லை, ரயில் மட்டும்தான். “பேக ஓட்ஸோ” என்று பின்சீட்டிலிருந்து குரல், சீக்கிரம் ஓட்டு. அப்பாவும் சந்தோஷமாகத்தான் ஓட்டினாராம். ஒரு திருப்பத்தில் பால்கேனோடு சைக்கிளில் வந்த பையன். பிரேக் போட்டும் வண்டி வழுக்கிக்கொண்டு போய் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தட்டியது. பையனுக்கு முழங்காலில் சிராய்ப்பு, பால் முழுக்க ரோட்டில். பின்சீட்டிலிருந்து மறுபடியும், “ஹோகு, ஹோகு,” போ, போ. போய்விட்டார். ரயிலும் கிடைத்தது. அன்று இரவு வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியாமல் கை ஆடியது என்றார். மறுநாள் அதே திருப்பத்தில் போய் நின்று பையனைக் கண்டுபிடித்து, சக்கரத்துக்கும் பாலுக்கும் காசு கொடுத்தார். அந்த வேகம் லாக் புக்கில் எப்படி ஏறியது தெரியுமா? “அரசுப் பணி.” அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தார்.

அதற்குப் பிறகு அப்பா ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். ஓட்டும்போது கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வார். சின்ன வயதில் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு நான் அதைக் கேட்டிருக்கிறேன். “ஆட்டோ நிக்குது, கதவு திறக்கும். நாய். பஸ்ஸுக்கு முன்னால கால் தெரியுது, ஆளு வரும்.” தனக்குத்தானே பேசுகிறார் என்று அம்மா சிரிப்பார். லண்டன் மாநகரக் காவல்துறை 1930-களில் ஹெண்டன் என்ற இடத்தில் தன் ஓட்டுநர்களுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கியது என்பதை இந்த விபத்துக்குப் பிறகு தேடிப் படிக்கும்போதுதான் அறிந்தேன். கண்ணால் பார்ப்பதை வாயால் சொல்லிக்கொண்டே ஓட்டுவது அங்கே ஒரு பாடம். துரத்தலின்போது ஓட்டுநரின் தலைக்கேறும் வெறிக்கும் அந்த நாட்டுப் பயிற்சியாளர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: சிவப்பு மூடுபனி. முன்னால் ஓடுகிற வண்டியைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாத நிலை. பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், அப்படி ஒன்று தம் ஆட்களுக்கும் வரும் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு நம் ஊரில் கிடைத்த பயிற்சி என்ன? எட்டு போடு, ரிவர்ஸ் எடு, ஸ்டெப்னி மாட்டு. முப்பத்தொரு வருடத்தில் சைரன் போட்டால் எப்படி ஓட்ட வேண்டும் என்று ஒரு மணி நேரம்கூட யாரும் சொல்லித்தரவில்லை என்றார்.

ஆகவே, ஐயா, அம்மா, காவலர்களுக்கு வேகம் பிடிக்குமா என்ற கேள்விக்கு என் வீட்டிலேயே பதில் இருக்கிறது. பிடிக்கும். இருபது வயதில் யாருக்குத்தான் பிடிக்காது? அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நீங்கள் அதைத் தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதுதான் என் குறை. சாவியைக் கொடுக்கிறீர்கள், சைரனைக் கொடுக்கிறீர்கள், பின்சீட்டிலிருந்து “சீக்கிரம்” என்று சொல்கிறீர்கள். இடித்த பிறகு ‘அவசரப் பணி’ என்று இரண்டு வார்த்தை எழுதிக் கோப்பை மூடுகிறீர்கள்.

காவல் வண்டி வேகமாகவே போகக் கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்த மறுநாள் இந்த நகரம் எப்படி இருந்தது என்று என் வயதுத் தமிழர்களுக்குத் தெரியும். அப்போது ஸ்ரீராம்புரத்தில் குடியிருந்தோம். அப்பா எங்கோ பணியில். அம்மா எங்களை உள்ளே தள்ளிக் கதவுக்கு அண்டா முட்டுக் கொடுத்தார். தெருமுனையில் கூட்டம், கண்ணாடி உடைகிற சத்தம். அப்போது தூரத்தில் சைரன் கேட்டது. கிட்டே வர வரக் கூட்டம் கலைந்து ஓடியது. ஜீப் எங்கள் தெருவுக்கு வந்து சேரும் முன்னாலேயே தெரு காலியாகிவிட்டது. அந்த ஜீப்பை ஓட்டிய கன்னடக்காரர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் வேகமாக வந்ததால்தான் நாங்கள் இருக்கிறோம். அந்த வேகத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அதை ஊருக்குச் சொல்கிற சத்தமும் இருந்தது. அத்தையை இடித்த வேகத்துக்கு இரண்டுமே இல்லை.

இருந்திருந்தால் காட்டுங்கள் என்றுதான் கேட்டேன். 112-க்கு வருகிற அழைப்பு எந்த வண்டிக்குப் போகிறது என்பது கணினியில் பதிவாகிறது. வண்டியில் இருக்கும் கருவி அது எங்கே, எப்போது போனது என்று காட்டும். அன்று காலை ஐந்தரைக்கு அந்த வண்டிக்கு ஏதாவது அழைப்பு இருந்ததா? இருந்தது, இல்லை, இரண்டில் ஒன்றுதான் பதில். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். 30 நாளில் வர வேண்டிய பதில் வரவில்லை. நினைவூட்டினேன். பிறகு வந்தது, விசாரணை நடப்பதால் தர இயலாது என்று. விசாரணை முடிந்ததும் வந்ததுதான் மேலே எழுதியிருக்கும் இரண்டு வரி.

இதற்கிடையில் அந்த ஓட்டுநர் பையனுக்கு என்ன ஆனது என்று அப்பா பழைய சிநேகிதர்கள் மூலம் விசாரித்தார். பம்பரும் முகப்பு விளக்கும் மாற்றிய செலவை அவன் தன் கையிலிருந்து கட்டினானாம். கேட்டதும் அப்பா சொன்னார்: “என்கிட்டயும் பிடிச்சாங்க, ரெண்டு தடவை. நாங்கல்லாம் பம்பருக்குப் பயந்துதான் ஓட்டினோம்.” வண்டியின் சேதத்தைக் கணக்கிட ஓர் ஆள் இருக்கிறார், ரசீது இருக்கிறது. அத்தையின் தொடை எலும்புக்கு அப்படி ஒரு கணக்கு வைக்க யாரும் இல்லை. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அத்தைக்கும் இல்லை. “அவனை வேலையை விட்டு எடுத்துடப் போறாங்க, பாத்து எழுது” என்று இந்த மடலை எழுதும்போதுகூடச் சொன்னார். ஓட்டச் சொன்னவர் பெயர் எங்கும் இல்லாமல், ஓட்டியவன் மட்டும் காசு கட்டுவதை நாங்கள் நீதி என்று எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

இழப்பீட்டுக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறோம். தனியார் காரென்றால் காப்பீட்டு நிறுவனம் வந்து நிற்கும். வணிகம் சாராத அரசு வண்டிகளுக்குச் சட்டம் கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறது. அதனால் அரசோடுதான் வழக்காட வேண்டும். 2019-இன் திருத்தம் ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வரம்பு வைத்தது. உங்கள் பதிலுக்குக் காத்திருந்தால் ஏழாவது மாதமாகியிருக்கும். வழக்கறிஞர் ஒருவர் ஐந்தாம் மாதமே எச்சரித்ததால் தப்பினோம். எத்தனை பூக்காரிகளுக்கு அப்படி ஓர் ஆள் கிடைப்பார்?

அரசு வண்டி என்பதால் பொறுப்பில்லை என்ற வாதம் இந்த நாட்டில் செத்து அறுபது வருடத்துக்கு மேலாகிறது. 1952-இல் உதய்ப்பூர் கலெக்டரின் ஜீப்பைப் பட்டறையிலிருந்து ஓட்டிவந்த தற்காலிக ஓட்டுநர், நடைபாதையில் போன ஒருவரை மோதினார். மூன்று நாளில் அவர் இறந்தார். மனைவி வித்யாவதி வழக்குப் போட்டார். தன் ஊழியரின் கவனக்குறைவுக்கு எந்த முதலாளியையும்போல ராஜஸ்தான் அரசும் பொறுப்பு என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஜீப்பும் எந்த அவசரத்துக்கும் போகவில்லை, பட்டறையிலிருந்து வெறுமனே திரும்பி வந்துகொண்டிருந்தது.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டத்தை அமலாக்கும் அதிகாரம் பெற்ற அமைப்பே அதை மீறினால் இரட்டிப்பு அபராதம் என்று 2019-இல் 210பி பிரிவைச் சேர்த்தார்கள். 2023 பிப்ரவரியில் நிலுவை அபராதத்துக்குப் பாதி தள்ளுபடி என்று அறிவித்தபோது என் சித்தப்பா ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு அரைநாள் வரிசையில் நின்று கட்டிவிட்டு வந்தார். கேமராவில் விழுந்த ஒவ்வொரு மீறலுக்கும். அதே மாதிரி ஒரு கேமராவில் விழுந்த 79 கிலோமீட்டருக்கு இதுவரை ஒரு ரசீதும் கிடையாது.

நான் கேட்பவை இவை.

முதலில், அன்று காலை ஐந்தரைக்கு அந்த வண்டிக்கு 112 அழைப்போ கட்டுப்பாட்டு அறை உத்தரவோ இருந்ததா என்ற பதிவை அத்தைக்கு எழுத்தில் கொடுங்கள். இல்லையென்றால், ‘அவசரப் பணி’ என்று எழுதிய பதிலைத் திரும்பப் பெற்று, விசாரணையை அந்த அலுவலகத்தோடு தொடர்பில்லாத ஓர் அதிகாரியிடம் கொடுங்கள். வேகமாகப் போகச் சொன்னது யார் என்பதும் அந்த விசாரணையில் வர வேண்டும்.

வேக வரம்பை மீறுகிற ஒவ்வொரு பயணத்துக்கும் லாக் புக்கில் மூன்று விஷயம் ஏற வேண்டும்: எந்த அழைப்பு, யார் உத்தரவு, சைரன் போட்டதா. அதிகாரியை வீட்டிலிருந்து கூட்டி வருவதும், ரயிலுக்கும் விமானத்துக்கும் கொண்டுபோய் விடுவதும் அவசரப் பணி ஆகாது என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். அப்படிப்பட்ட பயணத்தில் “வரம்புக்குள்தான் ஓட்டுவேன்” என்று சொல்கிற ஓட்டுநர்மேல் நடவடிக்கை வராது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பால்காரப் பையன் விழுந்திருக்க மாட்டான் என்கிறார் அப்பா.

சுழல்விளக்கை அவசரத்துக்கு மட்டும் போடச் சொல்லுங்கள். வேகமாகப் போனால் இரவானாலும் விடியற்காலையானாலும் சைரன் ஒலிக்கட்டும். தூக்கம் கலைந்தால் நாங்கள் யாரும் புகார் கொடுக்க மாட்டோம்.

ஸ்டியரிங் கொடுக்கும் முன் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் சைரன் பயிற்சி கொடுங்கள். வேகம் தலைக்கேறும் என்பதை வெளிப்படையாகச் சொல்லிக் கொடுங்கள். ஓய்வு பெற்ற நல்ல ஓட்டுநர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூப்பிட்டால் சம்பளம் இல்லாமல் வந்து கற்றுக்கொடுக்க என் அப்பா தயார், இதை அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பணியில் நடந்த விபத்துக்கு பம்பர் காசை ஓட்டுநரிடம் வசூலிப்பதை நிறுத்துங்கள். அது சின்னச் சின்ன மோதல்களை மறைக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறது.

காவல் வண்டி மோதியவருக்கு, கோப்பு முடியும்வரை காக்க வைக்காமல், முப்பது நாளுக்குள் வண்டியின் அழைப்பு, பயணப் பதிவு விவரங்களைக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். தீர்ப்பாயத்தில் எங்கள் வழக்கை இழுத்தடிக்காதீர்கள்.

பேக்கரி கேமராவின் பதிவும், அளவு எடுத்த தாளும், கணக்கும் என்னிடம் இருக்கின்றன. கூப்பிட்ட நாளில் கொண்டுவந்து காட்டுகிறேன். படி ஏற அத்தைக்கு முடியாது, கீழ்த்தளத்தில் ஓர் அறையில் அவர் வாக்குமூலத்தை எடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற காவல் ஓட்டுநர் ஒருவரின் மகள்,
லிங்கராஜபுரம், பெங்களூரு